நில அதிர்ச்சி நாளுக்கான வாசகம்

கல்லறை திறந்த பிறகுதான்
இந்தப் புத்தகம் தொடங்குகிறது.
முதல் ஏட்டில் ஈஸ்டர்.
பிறப்பு இருநூறு ஏடு தள்ளி
டிசம்பருக்கான இடத்தில் குளிரில் காத்திருக்கிறது.
சுவிசேஷங்களைத் துண்டு போட்டு
நாட்காட்டியில் நட்டிருக்கிறார்கள்.
இன்று குருடன், வேறொரு ஞாயிறு கிணற்றடிப் பெண்.

முந்நூற்றுப் பதினொரு ஏடுகள்.
ஒரு மந்தை.
மயிர்ப்பக்கம் மஞ்சள், சதைப்பக்கம் வெள்ளை.
விரல் வைத்தால் இப்போதும் தெரியும்
எந்தப் பக்கத்தில் வெயில் பட்டதென்று.

ஐந்தாம் ஏட்டில் ஓர் ஓட்டை.
ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த இடம்,
தோலை இழுத்துக் கட்டியதும் கண்ணளவு விரிந்துவிட்டது.
எழுதிய ஆர்செனியோஸ்
(கடைசி ஏட்டில் தன் பெயரையும்
முதுகுவலியையும் குறித்து வைத்தவன்)
சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.
ஒரு சொல்லின் பாதி இந்தக் கரையில், மீதி அந்தக் கரையில்.
எங்கள் மொழியில் காற்றுக்கும் ஆவிக்கும்
அது ஒன்றே சொல்.
யாரும் பார்க்கவில்லை.
வாயை அருகில் கொண்டுபோய் ஊதினேன்.
சொல் நிரம்பியது.

வரிகளுக்கு மேலே சிவப்பு மையில்
கொக்கிகள், சாய்கோடுகள், இரட்டைப் புள்ளிகள்.
குரல் ஏற வேண்டிய இடம், தொங்க வேண்டிய இடம்.
எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.
பசையும் பஞ்சும்தான் என் வேலை.

இயக்குநர் பனாரெதி சொல்லியிருக்கிறாள்:
ஆர்கிரோ, கோடைக்குள் சுத்தம் செய்துவிடு,
கண்ணாடிப் பெட்டியில் ஈஸ்டர் ஏட்டைத் திறந்து வைப்போம்,
தங்க எழுத்து, பயணிகளுக்குப் பிடிக்கும்.
சரிதான். அந்த ஏடு நேற்றுத் தோய்த்தெடுத்தது மாதிரி இருக்கிறது.
ஈஸ்டர் வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம்,
யார் அதைக் குனிந்து பார்த்தார்கள்?

புத்தகத்தின் பின்புறம்
தேதி இல்லாத நாட்களுக்கானது.
மழை பொய்த்தால். படை வந்தால்.
பூமி ஆடினால்: ஏடு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

கறுப்பு.
கீழ் மூலை கட்டைவிரல்களால் கரைந்துபோயிருக்கிறது.
மெழுகுச் சொட்டு இருபத்தேழு,
எண்ணும்போது இரண்டு சேர்ந்திருந்தால் ஒன்றென்றே எழுதினேன்.
கிழிசலைப் பச்சைப் பட்டு நூலால் தைத்த கை
அவசரத்தில் ஓர் எழுத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டது.
ஓரத்தில் வேறு வேறு கையெழுத்துகள்:
மூன்று நாள் நிற்கவில்லை.
மணி தானாக அடித்தது.
கூரை இல்லை, அத்திமரத்தடியில் வாசித்தேன், ஆந்திமோஸ்.
அதற்குக் கீழே, தேதியும் பெயரும் இல்லாமல்,
மறுபடியும்.

நிலம் ஆடும்போது படிக்கக் கொடுத்திருப்பதோ கடல் கதை.
படகு, அலை, அணியத்தில் அலறுபவர்கள்,
உறங்குகிற ஒருவர்.
சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை.
இப்போது மேசை விளக்கடியில் பார்க்கிறேன்:
கடல் கொந்தளித்ததற்கு மத்தேயு போட்ட சொல்
நாங்கள் பூமிக்குச் சொல்வதேதான்.
அதிர்ச்சி.
தீவில் பிறந்தவர்களுக்கு இரண்டும் ஒரே தரை.
என் அம்மா பிறந்தது
ராணுவக் கூடாரத்தில்.

எழுந்து அவர் அவர்களைக் கேட்கும் இடம்,
என்ன பயம் உங்களுக்கு என்று,
அந்த வரி மட்டும் இல்லை.
சுரண்டலும் இல்லை, நீர்க்கறையும் இல்லை.
உருப்பெருக்கியில் பார்த்தால்
மை வழவழவென்று தேய்ந்திருக்கிறது,
படிக்கல் தேய்வதுபோல.
உதடுகள்.
எண்ணூறு வருடம் முத்தமிட்டு முத்தமிட்டு
கேள்வியைத் தின்றுவிட்டார்கள்.
பதில் சொல்ல யாருக்கு முடிந்திருக்கும்?
மிஞ்சியிருப்பது படகும் காற்றும்
எழுந்தவரின் பெயரில் பாதியும்.

பஞ்சை நனைத்தேன்.
நனைத்த பஞ்சோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்,
இரண்டு கைகளாலும் ஏட்டை அழுத்திப் பிடித்திருந்தேன்,
நாற்காலிதான் என்று தெரிந்த பிறகும்.

அறிக்கையில் எழுதியது:
ஏடு 298. அழுக்கு. மெழுகு. எச்சில்.
நீக்கவில்லை.